நிழல் பார்த்து இறக்கிய பெட்டிகள்

நகை, புடவை, வெளிநாட்டுப் பயணம் என்று ஊரில் ஆளுக்கொரு ஆசை. மார்க்கிரட்டுக்குக் கிரேன் மேல் ஆசை. கிள்ளான் துறைமுகத்தில் வானுயர நிற்கும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்க வேண்டும். வேலைக்கு எழுதிப்போட்டாள், தேர்வில் தேறவும் செய்தாள். மருத்துவப் பரிசோதனையில் இடது கண் காலை வாரிவிட்டது. சிறு வயதிலிருந்தே அதில் பார்வை இல்லை. ஒற்றைக் கண்ணால் ஆழத்தைக் கணிக்க முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அந்த டாக்டரை அவள் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பும் வழியில்கூட.

கிரேன் கிடைக்காவிட்டாலும் கிரேன் விளையாட்டு கிடைத்தது. துறைமுகத்துக்கு ஆள் பழக்கும் பயிற்சி மையம் ஒன்றில் வேலை. விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண்முன் கப்பலும் கடலும் வந்துவிடும். கைப்பிடியை அசைத்துப் பெட்டியைப் பிசகாமல் இறக்கினால் நூற்றுக்கு நூறு. மெஷினைப் போடுவதும் கண்ணாடிகளைத் துடைத்துவைப்பதும் மார்க்கிரட்டின் பொறுப்பு. எல்லாரும் சாப்பிடப் போனதும் அவளும் மாட்டிக்கொள்வாள். கண் சொல்லாததை நிழல் சொல்லும் என்று சீக்கிரமே கண்டுகொண்டாள். அந்த விளையாட்டில் எப்போதும் காலை பத்து மணி வெயில். பெட்டி இறங்க இறங்க அதன் நிழல் நெருங்கி வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் தரை.

பயிற்சியாளர் இருதயம் இருபது வருடம் நிஜக் கிரேன் ஓட்டியவர். அவள் எடுத்த மதிப்பெண்களைப் பார்த்ததும் அவருக்கே கோபம் வந்துவிட்டது, இந்தப் பொம்பளையை எவன் வேண்டாம் என்றது என்று. மறுபரிசோதனை கேட்டுத் துறைமுகத்துக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். திங்கட்கிழமை கொடுப்பதாகச் சொல்லி, சனிக்கிழமை பயிற்சி ஆட்கள் கிரேனைப் பார்க்கப் போனபோது அவளையும் அழைத்துப்போனார்.

லிப்டில் ஏறும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டு காற்றில் லேசாக ஆடியது. காலுக்கடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே எல்லாம் அவள் விளையாட்டில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஓட்டுநர் பெட்டியை இறக்க ஆரம்பித்தார். அது தரையைத் தொடும்போது அவளைச் சொல்லச் சொன்னார் இருதயம், எல்லார் முன்னாலும் அவள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அவருக்கு ஆசை.

மழைக்கு மூடிய வானம். மார்க்கிரட் நிழலைத் தேடினாள், எங்குமே இல்லை. தொட்டுவிட்டது என்றாள், பெட்டி இன்னும் இரண்டாள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பெட்டி உட்கார்ந்து வெகுநேரமான பிறகுதான் வாயைத் திறந்தாள். மூன்றாவது இறங்கும்போது அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. கீழே ஆரஞ்சுச் சட்டை போட்ட தொழிலாளி ஒருவர், இறக்கிய பெட்டியருகே குனிந்து அதன் மூலைப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும், "லெட்டர் குடுக்க வேணாம்ண்ணே," என்றாள்.

"மேகம் போட்டுருச்சுலா. அதுக்குப் போயி யாராச்சும்..."

"கேம்ல கீழ ஆளே நிக்க மாட்டாங்கண்ணே. இங்க நிக்கிறாங்க."

இருதயம் கடிதத்தை எடுத்து அவளிடமே கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது வழக்கம்போல் டாக்டரைத் திட்டப் பார்த்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விளையாட்டில் மேகம் போடவும் வழி இருந்தது, இத்தனை வருடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. இனி புது ஆட்களுக்கு முதல் நாளே மேகம் போட வேண்டும் என்று இருதயத்திடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை அவர்கள் பெட்டிகளைத் தொம் தொம்மென்று போட்டு, மார்க்கிரட் ஆன்ட்டி மெஷினைக் கெடுத்துவிட்டார் என்று புலம்பினார்கள். அவள் அசரவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மார்க்கிரட் கண்ணாடியை மாட்டி, மேகத்தை விலக்கி வெயிலை வரவழைத்தாள். பெட்டி இறங்கியது, நிழல் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டது. நூற்றுக்கு நூறு. கீழே யாருமில்லை என்று ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கினாள்.