செயின் வரும்வரை

கொழும்பில் வீட்டுவேலைப் பயிற்சியில் இருந்த அம்மா, குவைத்துக்கு விமானம் ஏறுவதற்கு முன் ஒரேயொரு நாள் லீவில் வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் ஸ்டேஷனுக்கு அவரை அழைக்கப் புறப்பட்ட அப்பா, என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்.

டவுனை நெருங்கும் வளைவில் பொலிஸார் மறித்தார்கள். கூட நின்ற வாகனப் பரிசோதகர் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தில் செயினை ஒரு விரலால் இழுத்தார். அது பல்லை விட்டு எழும்பி வந்தது. மனைவி காத்திருக்கிறாள், இன்று மட்டும் விடுங்கள் என்று அப்பா சிங்களத்தில் கெஞ்சினார். பரிசோதகர் என்னைக் காட்டி, இறக்கத்தில் இது அறுந்தால் இந்தப் பிள்ளை என்னாகும் என்று கேட்டார். செயின் மாற்றாமல் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போனோம். அப்பா போன் செய்ததும் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"இந்த மாடலுக்குச் செயின் தலவாக்கலையிலருந்துதான் வரணும். பஸ்ஸுல போட்டுவிடச் சொல்லிட்டேன். அந்தியாயிரும்" என்றார் கராஜ் நானா.

அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டார். பிறகு இருவரும் வாசல் பலகையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பிளேன்டீ வந்தது, மழை வந்து போனது, பேச்சு நிற்கவில்லை. லயத்து வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் அப்பாவா இவர் என்றிருந்தது.

"என்னங்க, வீட்டுல இப்படிப் பேச மாட்டீங்களே?" என்று அம்மா சிரித்தார்.

"ஒத்தக் காம்பராவுல எட்டுப் பேரு. அங்க எங்க பேசுறது?"

எனக்கு அழுகையாக வந்தது. தம்பி வீட்டில் காத்திருந்தான். அம்மா வாங்கி வந்த புதுச் சட்டையை அங்கே போய்த்தான் போட்டுப் பார்க்க முடியும். "வீட்டுக்குப் போவோம்மா" என்று முந்தானையை இழுத்தேன்.

"இரு பாப்பா, செயின் வந்திரட்டும்."

வந்தபோது ஐந்து மணி. மறுநாள் விடியலிலேயே அம்மா போய்விட்டார். திரும்பி வர நாலு வருடமானது. அதுவரை அந்தச் செயினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கராஜுக்கு எதிரில்தான் பஸ் தரிப்பிடம். அன்று பகல் முழுக்க எங்கள் பக்கம் போகும் நோர்வூட் பஸ்கள் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயின. சைக்கிளை நானாவிடம் விட்டுவிட்டு நாங்கள் எதிலும் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு பஸ்ஸையும் அவர்கள் இருவரும் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.