சூசையின் தலைமாட்டுச் செடி

ராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குழி தோண்டும் ஆசீர்வாதம் எதற்கும் அசைகிற ஆள் இல்லை. யாராவது பேய் என்று வாயெடுத்தால், "செத்தவன் இன்னாடா பண்ணுவான்? இருக்கறவன்தான் பேஜாரு" என்று சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரையும் முழ உயரச் செடி ஒன்று ஆட்டிவைத்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம், மழை பொய்த்த கோடை. தெருக்குழாயில் காலையில் அரை மணி நேரம் தண்ணீர் வந்தால் அதிசயம். தோட்டத்துப் புல்பூண்டெல்லாம் கருகிப்போக, நாலு வயதில் காய்ச்சலில் போன சூசையின் தலைமாட்டில் மட்டும், யாரும் நடாமல் முளைத்த நித்தியகல்யாணி நின்றது. நடுப்பகலில் இலையெல்லாம் துவண்டு செத்ததுபோலத் தொங்கும். ஆறு மணிக்கு அவன் தாய் ரோஸ்மேரி, மண்டியில் கடலை புடைத்துவிட்டு வருவாள். "சூசை, அம்மா வந்துட்டேன்டா" என்பாள். இலைகள் மெல்ல நிமிரும்.

தன் பங்குக் குடிதண்ணீரை அப்படியே அதற்கு ஊற்றிவிடுவாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒருநாள் சிலுவைமேலேயே மயங்கிச் சாய்ந்தாள்.

"தண்ணிய நீ குடிம்மா. இல்லாங்காட்டி நீயும் இங்கியே வந்துருவ" என்றார் ஆசீர்வாதம்.

"அவன் கேக்கறான் நைனா. நான் குடுக்காம யாரு குடுப்பா?"

ஆசீர்வாதத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. பக்கத்துக் குழி வெட்டியபோது அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்: அந்தச் செடியின் வேர் ஈரம் தேடி, சூசை கிடக்கும் ஆழம்வரை இறங்கியிருந்தது. இதைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் அவளை மதிலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்றார். வெயில் தாழ்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. இலைகள் நிமிர்ந்தன.

"வெயிலுக்கு மூஞ்சிய மறைச்சிக்கினு கெடக்குது, அவ்ளோதான். அடி எலைய உதுத்துட்டு, வேர கீழ வுட்டு, அதும்பாட்டுக்குப் பொழச்சிக்கும்."

ரோஸ்மேரி எழுந்துபோய் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா அவன் இல்லியா நைனா?"

கொண்டுவந்த தண்ணீரை அழுதுகொண்டே அங்கேயே குடித்து முடித்தாள். அப்புறம் அவள் வரவில்லை. உடம்பு தேறி வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு ஆசீர்வாதம் நிம்மதியானார்.

அதற்கு நாலாம் நாள் புழுக்கம் லேசில் விடவில்லை. ஆறரை ஆகியும் இலைகள் தொங்கியபடியே இருந்தன. கேட்டைப் பூட்ட வந்தவர் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை.

"சூசை..." என்றார், தனக்கே கேட்காத குரலில்.

இலைகள் நிமிர்ந்தன.

காரணம் அவருக்குத் தெரியும்: அன்றைக்குச் சூடு தணிய நேரமாயிற்று, அவ்வளவுதான். அவரே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் அன்றிலிருந்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல் கேட்டைப் பூட்ட அவருக்குக் கை வரவில்லை.