தண்ணீர் தெரியாத சன்னல்

எங்கள் வீட்டு முகப்பு ஏரியைப் பார்த்தது. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் போகும் சன்னல்கள். நான் பள்ளியில் படித்தபோது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போய்விட்டான். அந்த வாரமே நைனா வாசலையும் இரண்டு சன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார். அம்மா கேட்டது அதுதான். அந்தத் தண்ணீர் அவள் கண்ணில் படக்கூடாது. அதன்பின் கொல்லைக் கதவுதான் எங்களுக்கு வாசல். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சோறு தின்போம்.

என்னை ஏரிக்கு மீன் பிடிக்க அனுப்பவில்லை. பொன்னேரியில் கொத்தனார் வேலை கற்றுக்கொண்டேன். நைனாவும் காலமாகிப் பல வருடம் கழித்து, போன கோடையில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வரவேண்டும் என்றார் டாக்டர். நான் உளியை எடுத்தேன்.

"இன்னாத்துக்குடா சொவுத்த ஒடைக்கிற?" என்று அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"உனக்குக் காத்து வேணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல?"

"காத்து வேணாம். அதப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம்மா. உன் தலைக்கு மேலதான் ஒடைப்பேன். நின்னு பாத்தாலும் வானம்தான் தெரியும்."

அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சிக்கு மேல் ஒரு முழம் விட்டுக் கரியால் கோடு போட்டேன். அதற்கு மேலிருந்த செங்கல்லை மட்டும் பெயர்த்தேன். உள்பூச்சில் நைனாவின் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. கரணை பிடிக்கத் தெரியாத மனிதர், கையாலேயே சிமெண்டை அப்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

திறந்த இடங்களில் காற்றுப் போகத் துளைகள் உள்ள சிமெண்ட் ஜாலி வைத்தேன். உள்ளே வரும் காற்று வெளியேற, எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி இரண்டு துவாரம் போட்டேன். அடுப்படிக்கு மேல் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு மாட்டினேன். வெளிச்சம் இறங்கியபோதுதான் அம்மா எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கடல்காற்று திரும்பியது. சேற்று வாசனையும் படகு இஞ்சின் சத்தமும் வீட்டுக்குள் வந்தன. கண்ணுக்கு மட்டும்தான் நான் மறைப்பு விட்டிருந்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மூடிடவாம்மா?"

"வேணாம். மூச்சு வுட முடியுது." சற்றுப் பொறுத்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கி உங்க அண்ணன் காய்ச்சல்னு படுத்துக்கினு இருந்தான். போவலன்னுதான் சொன்னான். நான்தான் எழுப்பி அனுப்பிச்சேன்."

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி. நைனாவுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா அண்ணனைப் பற்றித் தினமும் பேசினாள். அவன் எதற்குச் சிரிப்பான், எந்த மீனைத் தொடமாட்டான் என்றெல்லாம். சில நாள் ஜாலிக்குக் கீழே பாய் போட்டு நன்றாகத் தூங்கினாள். ஐப்பசி மழையில் மூச்சிரைப்பு மறுபடி முற்றி, ஒரு காலையில் மூச்சு அடங்கிவிட்டது.

மிச்சச் செங்கல்லையும் எடுத்துவிட்டுப் பழையபடி முகப்பைத் திறக்கலாமே என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான். அடுத்தவர் வீட்டில் ஒரு காலை நேரத்தில் முடித்துவிடுவேன். இங்கே உளியை எடுத்தால், நைனாவின் விரல் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துவிடுகிறேன்.