பக்கத்து சீட்டுக்காரி

என் ஓரகத்தி மின்சாரக் கார் வாங்கிய அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வந்தது என்னவோ உண்மை.

பெங்களூரின் ஓரத்தில் சந்தாபுராவில் இருக்கும் எங்கள் வீடு மாமனார் கட்டியது. பீன்யா தொழிற்பேட்டையில் காலமெல்லாம் லேத் ஓட்டியவர், ஓய்வு பெற்ற கையோடு மகன்கள் இரண்டு பேருக்கும் கீழே ஒன்று மேலே ஒன்று என்று கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கீழே நானும் என் கணவரும் அத்தையும். அத்தை என்று நான் கூப்பிடுவது என் மாமியாரை. மேலே கொழுந்தனாரும் அவர் மனைவியான என் ஓரகத்தியும். இரண்டு வீட்டுக்கும் கேட் ஒன்றுதான். கேட்டுக்குள் இரண்டு கார் நிற்க இடம் உண்டு. அதில் பல வருடங்களாக என் பழைய பெட்ரோல் கார் மட்டும் ராணி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

என் கார் என்றுதான் சொல்வேன். என் கணவருக்கு ஸ்கூட்டரைத் தாண்டி எதுவும் வராது. கொழுந்தனாருக்குக் கார் என்றால் போனில் கூப்பிடுகிற வாடகைக் கார்தான். அந்த வீட்டில் கிளட்ச் மிதித்துக் கியர் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். ஆஸ்பத்திரிக்கா, விமான நிலையத்துக்கா, திருப்பத்தூர் பக்கம் கல்யாணத்துக்கா, "அண்ணியக் கேளுங்க" என்பார்கள். நான் கொஞ்சம் அலுத்துக்கொள்வது போலச் சாவியை எடுப்பேன். அலுப்பெல்லாம் நடிப்பு. உள்ளுக்குள் பூரிப்பு.

அதையெல்லாம்கூட விட்டுக்கொடுத்திருப்பேன். சனிக்கிழமையைத்தான் என்னால் விட முடியவில்லை.

அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை பிசியோதெரபி. அது சந்தாபுராவிலேயே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் பிள்ளை பெற்று வளர்த்ததெல்லாம் ஆஸ்டின் டவுனில் என்பதால், கால் நீட்டி மடக்குவதற்கும் அத்தைக்கு ஆஸ்டின் டவுன்தான் வேண்டும். அங்கேதான் பழைய அக்கம்பக்கத்து மனிதர்களைப் பார்க்கலாம். ஆகவே சனிக்கிழமைதோறும் ஓசூர் ரோடு முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும், போக வர.

வீட்டில் அத்தை வாய் திறந்தால் அது "உப்பு ஏறிப்போச்சு" என்பதற்காக இருக்கும். காரில் ஏறிவிட்டால் அவர் வேறு மனுஷி. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு பேசத் தொடங்குவார். மாமனார் கோபித்துக்கொண்டு மூன்று நாள் ஃபேக்டரியிலேயே படுத்துக்கொண்டது, தெருக்குழாய்ச் சண்டையில் தன் மூக்குத்தி காணாமல் போனது, அது திருட்டுப் போனதாகத் தன் மாமியாரிடம் சொன்ன பொய். பெற்ற மகன்களுக்குத் தெரியாத கதைகள். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. ஒரு வயதான பெண்மணி என்னிடம் மட்டும் மனதைத் திறக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மருமகளே ஆனாலும் மகள் மாதிரி என்று ஊரெல்லாம் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு சனிக்கிழமைதோறும் அதற்கு அத்தாட்சி கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பச்சை நம்பர் பிளேட்டோடு அந்த வெள்ளைக் கார் வந்து என் காருக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றது.

ஓரகத்தி எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். அதுவும் ஒரு கஷ்டம். கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் அவள் ஒரே மாதத்தில் ஓட்டப் பழகிவிட்டாள். மாடி பால்கனியிலிருந்து சார்ஜ் போடும் கேபிள் ஒன்று இறங்கி என் வாசற்படிக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கும். காலையில் பால் வாங்கப் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில், தினப்படி ஓட்ட மின்சாரக் கார் சரிப்படுமா என்று பேச்சு வந்தால் முதலில் வாயைத் திறப்பது நான்தான். நடுரோட்டில் நின்றுவிடும், மழைத் தண்ணீரில் இறக்கினால் அவ்வளவுதான், கரண்ட் போனால் கட்டை வண்டிதான் என்று அடுக்குவேன். எதுவும் நடக்கவில்லை. எங்கள் ஏரியாவில் கரண்ட் போவது சகஜம். போகும்போது, ஃபேன் நின்று வியர்த்து ஊற்றினாலும், எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். கரண்ட் திரும்பியதும் கேபிள் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். ஒருமுறை ஊருக்குப் போகும் வழியில் கிருஷ்ணகிரியில் சார்ஜ் போட வரிசையில் நெடுநேரம் காத்திருந்தார்களாம். அதைக் கேட்ட அன்று இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆனால் ஊருக்குப் போவது எப்போதோ ஒருநாள். தினமும் ஆபீஸ் போய்த் திரும்புகிறவளுக்கு, சொந்தச் சுவரில் பிளக் இருக்கிறவளுக்கு, அதைவிட வசதியான வண்டி கிடையாது. நான் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள், வண்டி தானே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். முதல் மாதமே எனக்கு இது புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பள்ளியில் வேலை வந்துவிட்டது. ஓரகத்தி அத்தையைக் கூட்டிப் போனாள். மின்சாரக் காரில் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆசையோடு காத்திருந்தேன். சாயங்காலம் அத்தை சிரித்த முகத்தோடு இறங்கினார்.

"தொட்டில்ல போன மாதிரி இருந்துச்சிம்மா. குலுக்கல் இல்ல, நாத்தம் இல்ல. அடுத்த வாரமும் இவகூடவே போய்க்கினு வரேன். நீ பாவம், வாரம் பூரா வேல செய்யற."

என்னைப் பாவம் பார்த்தாராம். "அதுக்கென்ன அத்தை, போயிட்டு வாங்க" என்றேன். அன்று ராத்திரி என் கணவர் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். அவருக்குக் காரணமும் விளங்கவில்லை, பாவம்.

அதன்பின் சனிக்கிழமைகளில் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரகத்தி கதவைத் திறந்து விடுவாள், அத்தை ஏறுவார், வண்டி சத்தமே இல்லாமல் கேட்டைத் தாண்டிவிடும். அத்தை கையில் எலுமிச்சம்பழம் இருக்காது. மூக்குத்திக் கதையை இப்போது இவளிடம் சொல்லிக்கொண்டு போவார் என்று நினைப்பேன். எனக்குச் சொல்லாத கதையைக்கூடச் சொல்வாரோ என்று நினைப்பேன். அதற்குமேல் நினைக்க முடியாமல் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்று ரோட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. எங்கள் தெரு முழுக்க வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். என் காருக்கு பானெட்டைத் திறந்து இஞ்சின்மேல் சந்தனம் வைப்பது மாமனார் காலத்திலிருந்து வழக்கம். ஓரகத்தி தன் பானெட்டைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. அத்தை சந்தனக் கிண்ணத்தோடு குழம்பி நின்றார்.

"இதுக்கு உசுரு எங்கம்மா கீது?"

ஓரகத்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, சார்ஜ் போடும் ஓட்டைகளைக் காட்டினாள். "இங்கதான் அத்தை. இது வழியாதான் எல்லாமே உள்ள போகுது."

அத்தை கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, மூன்று விரலில் சந்தனத்தை வழித்து அந்த ஓட்டைகளின்மேல் அப்பினார். அதன்மேல் குங்குமம். அதிலே ஒரு சாமந்திப் பூவையும் பதித்தார். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைக்கிற குடும்பம் எங்களுடையது. எனக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. பிறகு பூசணிக்காயை மூன்று சுற்று சுற்றி, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்று சொல்லி அத்தை உடைக்கச் சொன்னார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். யார் கண் என்று எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் சார்ஜ் ஏறவில்லை. துணியால் துடைத்தார்கள், ஊதினார்கள், சந்தனம் இன்னும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. வண்டியில் மிச்சம் இருந்த சார்ஜ் கடைத்தெரு வரைக்கும்தான் வரும். பண்டிகை லீவு முடிந்துதான் மெக்கானிக் வருவான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஓரகத்தி இறங்கி வந்தாள்.

"அக்கா, இந்த சனிக்கிழமை மட்டும் அத்தைய நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

இந்தச் சனிக்கிழமை மட்டும். அந்த "மட்டும்" சுருக்கென்று குத்தியது. ஆனாலும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வண்டியை உள்ளும் புறமும் கழுவினேன். பெட்ரோல் நாற்றம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று புதிதாக மல்லிகை வாசனை சென்ட் பாட்டில் ஒன்று வாங்கி முன்னால் தொங்கவிட்டேன்.

அத்தை எலுமிச்சம்பழத்தோடு ஏறினார். கேட்டைத் தாண்டுவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. இந்தமுறை, கூடப் பிறந்த அக்காவோடு ஏன் பேச்சை நிறுத்தினார் என்ற கதை. இவ்வளவு நாள் தொடாத கதை. எனக்காகத்தான் சேர்த்து வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டினேன், கதை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று. பொம்மனஹள்ளியில் வண்டிகள் நெரித்துக்கொண்டு நின்றன. கண்ணாடி ஏற்றியிருந்தது. சென்ட் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கதையில் அக்கா வளையலை வீசி எறியும் இடத்தில் அத்தையின் பேச்சு நின்றுவிட்டது.

"அப்புறம் என்னாச்சு அத்தை?"

திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. "ஓரமா நிறுத்தும்மா" என்று கையை மட்டும் ஆட்டினார். நிறுத்துவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

பெட்டிக்கடை ஒன்றில் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளிக்கக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். கொஞ்சம் தெளிந்ததும் அத்தை சிரித்தார்.

"பேசிக்கினே வந்தா வராதும்மா. இன்னிக்கி அந்த சென்ட்டு அடிச்ச அடியில பேச்சே நின்னுபோச்சி."

"எப்பவுமே இப்படியா அத்தை?"

"கட்டிக்கினு வந்த நாள்லேந்து இதே தொல்லைதான். வாய மூடினா கொமட்டிக்கினு வரும். எலுமிச்சம்பழமும் பேச்சும்தான் மருந்து. ஊருக்கு பஸ்ஸுல போனா பக்கத்து சீட்டுக்காரி யாரோ எவளோ, அவகிட்ட வீட்டுக் கத மொத்தமும் கொட்டிடுவேன். உங்க மாமா திட்டுவாரு, நம்ம மானத்த ஆம்பூர் வரைக்கும் வித்துட்டியேடின்னு."

நான் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இத்தனை வருடம், இத்தனை சனிக்கிழமை. மூக்குத்தியும், மாமனாரின் கோபமும், மாமியாரிடம் சொன்ன பொய்யும். நான் மகள் இல்லை. பக்கத்து சீட்டுக்காரி.

"அவ வண்டியில?" என்று கேட்டேன்.

"அதுல ஒண்ணுமே தெரியலம்மா. ஏறினா தூங்கிடறேன். ஆஸ்டின் டவுன் வந்தாதான் முழிப்பே."

சென்ட் பாட்டிலைக் கழற்றி ரோட்டோரக் குப்பையில் போட்டேன். ஜன்னல்களை இறக்கிவிட்டு ஆஸ்டின் டவுன் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வரும்போது அத்தை மறுபடி எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு பேசினார். வளையலை வீசிய பிறகு என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு ஏதோ கதை. நான் உம் கொட்டினேன். சில இடங்களில் கண் மறைத்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

லீவு முடிந்து மெக்கானிக் வந்தான். சின்னக் கதவைத் திறந்து பார்த்து, "ஏனு மேடம் இது, குங்குமனா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்துவிட்டு, பிரஷ்ஷால் நெடுநேரம் சுரண்டிச் சுத்தம் செய்தான். கேபிள் பழையபடி என் வாசலில் குறுக்காக வந்து படுத்தது. அடுத்த சனிக்கிழமை அத்தை அந்தக் காரில்தான் போவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும்தான்.

அதற்கு முதல்நாள் மாலை துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது ஓரகத்தி தனியாக நின்றிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டா? அத்தை உங்க வண்டியில வழி பூரா பேசுவாங்களாமே. அவங்களே சொன்னாங்க. என் வண்டியில ஏறினா சீட்ட சாய்ச்சிக்கிட்டு கண்ண மூடிக்கிறாங்க. நான் ஏதாவது கேட்டாகூட உம்முனு ஒரு சத்தம்தான். பாட்டு போட்டுப் பார்த்தேன், பழசெல்லாம் பேசிப் பார்த்தேன். என்னை அவங்களுக்குப் பிடிக்கலயா அக்கா?"

அவள் கண் கலங்கியிருந்தது. கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சனிக்கிழமைதோறும் ஜன்னல் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த என் சொந்த முகம்.

"என்னக்கா அப்படிப் பேசுவாங்க உங்ககிட்ட?"

பேசுவது குமட்டலுக்கு மருந்து, உன் வண்டியில் அந்த மருந்து தேவைப்படவில்லை, அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மனம் ஆறிவிடும். சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் எங்களுக்குள்ள இருக்கறதும்மா" என்றேன்.

துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி, கேபிளைத் தாண்டி என் வீட்டுக்குள் போனேன். அன்றுதான் முதல்முறையாக அது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.