வேனில் இடம் இருந்தது

வெள்ளைத்துரை பத்தொன்பது வருஷமாகக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். காலை ஆறரைக்கு ஊர் நிழற்குடையில் ஹார்ன் அடித்தால், தூக்குச்சட்டியோடு நாற்பது பெண்கள் ஏறுவார்கள். நாரணாபுரம் தாண்டியிருக்கும் பட்டாசு ஆலையில் இறக்கிவிடுவார். வேலைக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான், வராதவளை வீடு தேடிப் போய் அதட்டுவதும் அவர்தான். ஊருக்கு அவர்தான் கம்பெனி. முதலாளியை யார் பார்த்தார்கள்?

இந்த வருஷம் தீபாவளி முடிந்து ஆலை திறந்தபோது போர்மேன் சொல்லிவிட்டார்: "வடக்க ஆர்டரே இல்ல. இருபது பேரு போதும். யாருன்னு நீங்களே பாத்துக்கோங்க."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எய்தவன் யார் என்று தெரிய வேண்டாமா? டெல்லியில் புகை என்கிறார்கள், கோர்ட்டு என்கிறார்கள். சனங்கள் கையில் காசில்லை என்கிறார் டி.வி.யில் ஒருவர், நாடு ஓகோவென்று வளர்கிறது என்கிறார் இன்னொருவர். இவர்களில் யாரைப் பிடித்து, வேனில் இடம் கிடைக்காத இருளம்மாள் கேட்பாள்? நிழற்குடைக்கு வருகிறவர் வெள்ளைத்துரை ஒருவர்தான்.

"ஏலே, வேன்ல பாதி சீட்டு சும்மாதான கெடக்கு? எங்கள ஏத்துனா டயரு வெடிச்சிருமாக்கும்?" என்று கேட்டே விட்டாள்.

அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர்களை எழுதி, இன்றைக்கு ஏறியவர் நாளைக்கு இல்லை என்று முறை வைத்தார். எடுபடவில்லை. அவர் மனைவி அய்யம்மாளும் அதே ஆலையில் மத்தாப்புப் பெட்டி மடிக்கிறவள். தன் முறைக்கு அவள் ஏறினால்கூட, "பொண்டாட்டிக்கு மட்டும் வேல இருக்கும்" என்று முணுமுணுப்பு.

மனிதர் ரோஷக்காரர். தாளில் அவள் பெயரையே அடித்துவிட்டார். "ஊர் வாய அடைக்கணும்ல. கொஞ்ச நாளு பொறுத்துக்க" என்றார். அய்யம்மாள் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பொறுத்துப் போவதில் அவளுக்கு ஈடு கிடையாது. அது அவருக்கு எப்போதும் வசதியாகவே இருந்தது.

ஊர் வாய் அடைபட்டதா? "பொண்டாட்டிய வீட்ல ஒக்கார வச்சுட்டான்னா, எம்புட்டுக் கமிஷன் அடிச்சிருப்பான்!" என்று புதுப் பேச்சு கிளம்பியது. செய்யாத தப்புக்குப் பழி வருவது அவருக்குத் தெரியும். செய்த நல்லதற்கும் வருமென்று அந்த மனிதர் நினைக்கவில்லை. அன்றைக்கு வேனைத் துடைத்துக்கொண்டே அழுதுவிட்டார், பாவம்.

குழாயடியில் அய்யம்மாள் அவருக்காக நாலு பேரோடு சண்டை போட்டாள். குடம் நெளிந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது வாரம் ஒருநாள், அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கேளு."

"நெசமாவே கம்பெனில இருபது பேருதான் சொன்னாகளா?"

வெள்ளைத்துரை வேன் சாவியோடு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு நூறு தடவை சொன்ன பதில்தான். அவளிடமும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.