வாசலில் தொங்கிய ஈரத்துணி

என் மகன் நடத்தும் பனியன் கம்பெனியின் வாசற்கம்பியில் வெள்ளைத் துணித்துண்டு ஒன்று நீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. சுருக்கம் பார்க்க நனைத்துப்போட்ட சாம்பிள் என்று எண்ணிய சூப்பர்வைசர், அதை அவிழ்த்து மேசைமேல் விரித்து அளவெடுக்கத் தொடங்கினார். செக்கிங் அம்மாள் ஓடிவந்து அதைப் பறித்துக்கொண்டார். தைத்த பனியன்களில் பழுது பார்ப்பது அவர் வேலை. அதிர்ந்து பேசாதவர். அன்று, தொடாதீர்கள் என்று சத்தம் போட்டார்.

நாகைக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர் அவர். அவருடைய ஊரில் முக்காட்டுக்காரி என்றொருத்தியைப் பற்றிச் சொல்வார்கள். புயலில் சிக்கிய கணவனைத் தேட ஊரில் ஒருவரும் வராததால், தனியே கடலுக்குள் நடந்து போனவள். அதன்பின் ஒவ்வொரு புயலுக்கு முன்னும் ஈரமுக்காட்டுடன் வந்து, கடலுக்கு முதுகு காட்டி, வீடுகளைப் பார்த்து நிற்பாளாம். பேசமாட்டாள். கண்டவர் தம் வாசலில் நனைந்த வெள்ளைத்துணி கட்டவேண்டும். கண்டுகொண்டோம் என்று அவளுக்குச் சொல்லும் மறுமொழி அது. துணி உலரும்வரை அந்த வீட்டார் கடலில் இறங்கமாட்டார்கள்.

அந்த நண்பகலில் அவள் எங்கள் வாசலில் நின்றதாக அம்மாள் சொன்னார். ஊரில் அவருடைய ஒரே மகன் அப்போது கடலுக்குப் புறப்படப் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். போனில் தாயின் பேச்சைக் கேட்டுச் சிரித்தானாம், திருப்பூர் வரைக்கும் அவள் பஸ் பிடித்தா வந்தாள் என்று. அம்மாள் போனை என்னிடம் நீட்டினார்.

"நா ஒண்ணும் பாக்கலீங்க கண்ணு. உங்கம்மா சத்தம் போட்டதத்தான் கேட்டனுங்க. இந்தத் துணி காயற வரைக்கும் கரையில இருந்துக்குங்க."

ஐஸ் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லி அவன் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு, "சரிங்கய்யா" என்றான்.

வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில் பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் உலர்ந்துவிடக்கூடிய மெல்லிய துணி, பொழுது சாயும்வரை ஈரமாகவே இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். விரல் குளிர்ந்தது. அன்றிரவு அங்கே கடல் பொங்கியது. அன்று அதே கரையிலிருந்து புறப்பட்ட படகொன்று திரும்பவில்லை.

ஆலகாலத்தைத் தான் உண்டு உலகைக் காத்தவனை நாள்தோறும் பாடுகிறேன். அந்தக் கருணையின் ஒரு துளி, கடல் விழுங்கிய பெண்ணொருத்தியின் நெஞ்சிலும் தங்கியிருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. தன்னைக் காக்க வராத ஊரைத் தான் காக்க வருகிறாளே! அவளைப் பேய் என்று சொல்ல என் நா எழவில்லை.

அம்மாள் ஊர் திரும்பிவிட்டார். ஐப்பசி பிறந்தால் வாசற்கம்பியில் துணி கட்டுவது இப்போது நான்தான். நாள்தோறும் பதிகம் முடியுமுன் அது உலர்ந்துவிடும். இன்று உலரவில்லை. புதிய சூப்பர்வைசர் ஸ்கேலுடன் வந்தார்.

"சாம்பிள் இல்லீங்க, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அம்மாளைப் போனில் அழைத்தேன். மகன் எங்கே என்று கேட்டேன்.

"ஊட்லதான் வலையப் பழுது பாத்துக்கிட்டு இருக்கான். எங்க வாசல்லயும் துணி காயாமத் தொங்குதுங்கய்யா."