பாதியாவது பொருந்தும்

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குவது என் வேலை. அதிகம் பேச மாட்டேன். டாக்டர் முன்னால் வாயே திறக்காது.

என் ஒரே மகள் மீனாவுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது. வேறொருவரின் மஜ்ஜை செல்களைச் செலுத்தினால் பிழைப்பாள் என்றார்கள். மனைவிக்கு இதயக் கோளாறு. அதனால் என்னுடையது பொருந்துமா என்று பார்க்க என்னைச் சோதனைக்கு வரச் சொன்னார்கள். நான் போகவில்லை.

ரத்தம் உண்டாக்கும் செல்களை லேபிலேயே வளர்க்கிறார்கள் என்று மண்டியில் ஒருவர் பேப்பர் படித்துச் சொன்னார். லேபில் வளர்த்த வாழைக்கன்றுகள் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் தார் போடுவதைப் பார்த்தவன் நான். இதுவும் அப்படி வந்துவிடும் என்று நம்பினேன்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது டாக்டரம்மா, "ஏங்க டெஸ்டுக்கு வரல?" என்றார்.

"அப்பா லேப்லேர்ந்து வாங்கித் தரப் போறாராம் டாக்டர், வாழக்கன்னு மாதிரி" என்றாள் மீனா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வளர்க்கிறது நெஜந்தாங்க. ஆனா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அதுவரைக்கும் நம்மால காத்திருக்க முடியாது."

"என்னோடது சேராதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் எங்கேம்மா போவேன்?" என்று கேட்டுவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லாத பயம் அது.

"பெத்த அப்பாவோடது பாதியாவது பொருந்துங்க. பாதிய வச்சும் இப்ப செய்யறோம்."

சட்டைக் கையை மடித்துவிட்டேன். "அழாதப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள் மீனா.

சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பயம் போகவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு மீனாவுடைய எத்தனை வாரங்களை வீணடித்தேன் என்ற நினைப்புதான் என்னைத் தூங்க விடுவதில்லை.